பவுடர் பனிக்கு எங்கே போவது? திருப்பூர் தம்பிக்கு ஒரு நீண்ட பதில்

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். திருப்பூரில் நிட்டிங் யூனிட் வைத்திருக்கும் தம்பி ஒருவர், நண்பர்கள் இரண்டு பேரோடு பொங்கல் லீவை ஒட்டிப் பத்து நாள் ஸ்கீயிங் போகப் பார்க்கிறார். இவரும் ஒரு நண்பரும் போன வருஷம் உத்தராகண்டின் ஆலியில் ஒரு வாரம் கற்றுக்கொண்டவர்கள். மூன்றாமவர் ஸ்கீயைக் கையால்கூடத் தொட்டதில்லை. வீடியோக்களில் இடுப்பளவு பனியில் புகை கிளப்பிக்கொண்டு மரங்களுக்கு நடுவே மிதந்து போகிறார்களே, அந்தப் பவுடர்தான் வேண்டுமாம். காஷ்மீரின் குல்மார்க்கா, ஜப்பானா, சுவிட்சர்லாந்தா, எங்கே பனி அதிகம், சாப்பாட்டுக்கு என்ன வழி என்று கேட்கிறார்.

நான் கோயம்புத்தூர் பீளமேட்டுக்காரன். ஸ்பின்னிங் மெஷினரி வேலையாக மூன்று குளிர்காலம் நகோயா பக்கம் இருந்தேன். வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறிப் படுத்தால் சனிக்கிழமை விடிய ஹகுபா என்கிற ஸ்கீ ஊரில் இறக்கிவிடுவார்கள், அப்படிப் பிடித்த பைத்தியம் இது. ஊர் திரும்பிய பிறகு குல்மார்க் நான்கு தடவை, ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோ இரண்டு தடவை, ஆஸ்திரியாவுக்கும் அமெரிக்காவுக்கும் ஒவ்வொரு தடவை போயிருக்கிறேன். இத்தனைக்கும் நான் பெரிய ஸ்கீயர் இல்லை, விழுந்து எழுந்து சமாளிக்கிற ஆள். அதனால்தான் உங்களுக்குப் பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் தகுதி இருக்கிறது என்று நினைக்கிறேன். கெட்டிக்காரர்கள் எழுதுவதெல்லாம் கெட்டிக்காரர்களுக்குத்தான் உதவும்.

எங்கே பனி அதிகம் என்று பார்த்து டிக்கெட் போடாதீர்கள் தம்பி. ராத்திரி நாற்பது சென்டிமீட்டர் விழுந்து, காலையில் காற்றில்லாமல் வெயில் அடித்தால் உலகத்தில் எந்த மலையும் சொர்க்கம்தான். பத்து நாள் பயணத்தில் அப்படி இரண்டு நாள் கிடைத்தால் நீங்கள் புண்ணியம் செய்தவர். மிச்ச எட்டு நாள் என்ன செய்வீர்கள்? ஊருக்கு ஊர் வித்தியாசப்படுவது அந்த எட்டு நாள்தான். புயலில் லிஃப்ட் நின்றுவிட்ட நாள், ஒரு வாரமாகப் பனியே விழாத நாள், மூன்றாவது நண்பர் முட்டி வலிக்கிறது என்று உட்கார்ந்துவிட்ட நாள், இப்படிப்பட்ட நாட்களில் அந்த ஊரில் என்ன இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். நான் பெண் பார்க்கிற மாதிரி ஊர் பார்ப்பதை விட்டு, மாப்பிள்ளை வீட்டார் சண்டை போடும்போது எப்படி இருப்பார்கள் என்று விசாரிக்கிற மாதிரி விசாரிக்க ஆரம்பித்த பிறகுதான் என் பயணங்கள் உருப்பட்டன.

பவுடர் என்றால் என்ன என்பதைத் திருப்பூர்க்காரருக்குச் சொல்வது சுலபம். மில்லில் புளோ ரூமில் பிரித்துவிட்ட பஞ்சைக் கையில் அள்ளியிருப்பீர்கள், எடையே தெரியாது, பாதிக்கு மேல் காற்று. அதே பஞ்சு பேலாக அழுத்தி வந்தால் மேலே ஏறி நிற்கலாம். பனியும் அப்படித்தான். ஒரு கன மீட்டர் தண்ணீர் 1,000 கிலோ, அதே ஒரு கன மீட்டர் புதுப் பவுடர் 50 முதல் 100 கிலோதான் இருக்கும். விழுந்து நாளானாலோ, காற்று அடித்தாலோ, வெயில் பட்டு உருகி மறுபடி உறைந்தாலோ அது பேல் ஆகிவிடும், மேலே ஓடு கட்டிக்கொள்ளும். அந்த ஓடு பாதி தாங்கி பாதி உடையும்போது அதில் ஸ்கீ ஓட்டுவது, மேல்காய்ந்த சேற்று வயலில் சைக்கிள் ஓட்டுவதைவிட மோசம். (நமக்குப் பனி என்றாலே மார்கழிப் பனியும் ஊட்டியின் உறைபனியும்தான். இதற்கெல்லாம் தனித்தனிப் பேர் நம்மிடம் இல்லாததால் எல்லாவற்றையும் பனி என்றே சொல்லி ஒப்பேற்ற வேண்டியிருக்கிறது.)

லேசான பனி விழ மேகத்துக்குள் குளிர் சரியாக இருக்க வேண்டும். மைனஸ் 15 டிகிரியை ஒட்டித்தான் அந்தக் கிளை கிளையான நட்சத்திரப் படிகங்கள் நன்றாக வளரும், அவை ஒன்றின் மேல் ஒன்று விழும்போது இடையில் காற்று நிறையத் தங்கும். இதை முதலில் ஆய்வகத்தில் செய்து பார்த்தவர் நகாயா உகிசிரோ, 1936இல் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் செயற்கைப் பனிப் படிகத்தை வளர்த்தார். ஹொக்கைடோவில் பிறந்த ஆராய்ச்சி என்பதில் ஆச்சரியமில்லை, வாசலைத் திறந்தாலே அங்கே மாதிரி கிடைக்கும்.

அங்கே மட்டும் ஏன் அவ்வளவு விழுகிறது என்பதும் நமக்குப் புரியாத விஷயம் இல்லை. தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலில் ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து மலையில் முட்டுகிறது. வால்பாறையும் சின்னக்கல்லாறும் ஜூன், ஜூலையில் ஊறிப்போகும், அந்தப் பக்கம் பல்லடம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். அதே கணக்குதான். குளிர்காலத்தில் சைபீரியாவிலிருந்து வருகிற வறண்ட குளிர்காற்று, அதைவிடச் சூடான ஜப்பான் கடலைத் தாண்டும்போது ஈரத்தை ஏற்றிக்கொள்கிறது. ஹொக்கைடோவின் மேற்கு மலைகளில் முட்டியதும் கொட்டிவிடுகிறது. நிசெகோ என்கிற ஸ்கீ ஊர் அதன் சின்னக்கல்லாறு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சீசனுக்குச் சராசரியாக 14, 15 மீட்டர் விழுகிறது, அதுவும் ஒரே புயலாக வராமல் டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை கொஞ்சம் கொஞ்சமாக, ஏறத்தாழத் தினமும். இதில் பவுடர் தேடுகிறவனுக்கு முக்கியமானது 15 மீட்டர் என்ற மொத்தக் கணக்கு அல்ல, அந்தத் 'தினமும்'. நேற்று யாரோ கிழித்துவிட்டுப் போன சரிவு ராத்திரியோடு ராத்திரியாக மறுபடி வெள்ளைத் தாளாகிவிடும். நம் பொங்கல் லீவு அந்தச் சீசனின் நட்ட நடுவில் வந்து உட்கார்கிறது, இது கடவுள் கொடுத்த வசதி.

ஹொக்கைடோவில் இன்னொரு லாபம் உயரம். நிசெகோ அன்னுபுரி மலையின் உச்சியே 1,308 மீட்டர்தான், ஏற்காட்டைவிடக் குறைவு. தலைவலி, மூச்சுத்திணறல் எதுவும் கிடையாது, விமானத்திலிருந்து இறங்கிய மறுநாள் ஸ்கீ போடலாம். சரிவுகளும் அவ்வளவு செங்குத்து இல்லை, உங்கள் நிலைக்கு அதுவும் நல்லதே. புயல் அடிக்கிற நாளில் மேல் லிஃப்டுகள் காற்றில் நின்றுவிடும், அது அடிக்கடி நடக்கும். ஆனால் கீழே பூர்ச்ச மரக்காடு இருக்கிறது. எல்லாம் வெள்ளையாகி வானமும் தரையும் ஒன்றாகத் தெரிகிற நேரத்தில் மரங்கள்தான் கண்ணுக்கு அடையாளம். மரமில்லாத மலையில் அந்த நேரத்தில் மேடு எது பள்ளம் எது என்று தெரியாது, நின்றுகொண்டே விழுவோம், நான் விழுந்திருக்கிறேன். ராத்திரியில் விளக்குப் போட்டு ஓட்டவிடுகிறார்கள், கால் வலித்தால் வெந்நீர் ஊற்று இருக்கிறது. மோசமான நாளும் அங்கே முழுசாக மோசமாக இருப்பதில்லை.

குறை என்ன? கூட்டம். நிசெகோவில் ஆஸ்திரேலியர்களும் சிங்கப்பூர்க்காரர்களும் குவிந்திருப்பார்கள், விலையும் அதற்கேற்றபடி, காலை பத்தரைக்குள் கண்ணில் படுகிற புதுப்பனி எல்லாம் உழுத காடு மாதிரி ஆகிவிடும். ஆங்கிலத்தில் கற்றுக்கொடுக்கும் பள்ளிகள் தாராளமாக இருப்பதால் முதல் தடவை போகிறவர்களை நான் தடுக்கமாட்டேன், ஆனால் அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குள் இருக்கும் ருசுட்சு என்கிற ஸ்கீ இடத்தை நாலைந்து நாளுக்காவது பாருங்கள். மரங்களுக்கு நடுவே ஓட்ட அதைவிட நல்ல இடம் உங்கள் நிலைக்கு நான் பார்த்ததில்லை. ஜப்பானில் எல்லா ஊரிலும் எல்லைக் கயிறு தாண்டிக் காட்டுக்குள் விடமாட்டார்கள், இது தெரியாமல் போய் லிஃப்ட் பாஸ் பிடுங்கப்பட்டவர்கள் உண்டு. ஃபுரானோ உள்நாட்டில் இருப்பதால் பனி கொஞ்சம் குறைவு, ஆனால் குளிர் அதிகம், பனி இன்னும் உலர்ந்தது, கூட்டமும் விலையும் குறைவு. நான் மறுபடி போனால் ஃபுரானோதான்.

ஹகுபா பற்றியும் ஒரு வார்த்தை. 1998 நாகானோ ஒலிம்பிக்கில் மலைச்சரிவுப் போட்டிகள் நடந்த இடம், மலைகள் உயரம், செங்குத்து, அழகு. டோக்கியோவிலிருந்து நாகானோவுக்கு ஷின்கான்சென்னில் ஒன்றரை மணி நேரம்தான் என்பதால் வீட்டில் ஸ்கீ ஓட்டாதவர்களையும் கூட்டிப்போவதாக இருந்தால் வசதி, அவர்கள் ஜிகோகுதானியில் வெந்நீரில் உட்காரும் குரங்குகளைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பனி மட்டும் ஹொக்கைடோவைவிடக் கொஞ்சம் கனம், ஒரு வெயில் அடித்தாலே மாறிவிடும்.

அந்த ஹகுபாவில்தான் முதல் முதலாக இடுப்பளவு பவுடரில் இறங்கினேன். நாலு திருப்பம் அருமை. ஐந்தாவதில் மூக்கு முன்னால். எழுந்து பார்த்தால் ஒரு ஸ்கீ காலில் இல்லை. மேலே மேடு பள்ளம் எதுவும் இல்லாத வெள்ளை, அதற்குள் எங்கேயோ கிடக்கிறது. விழுந்த இடத்துக்குக் கீழே ஒரு மணி நேரம் தோண்டினேன். அந்தப் பக்கமாக வந்த ஒரு வயசானவர் சிரித்துக்கொண்டே மேலே கை காட்டி, ஸ்கீ போலை, அதாவது ஊன்றுகோலை, தலைகீழாகப் பிடித்து வரிசையாகக் குத்திக்கொண்டு வந்தார், ஐந்து நிமிடத்தில் 'டக்' என்றது. ஸ்கீ கழன்ற இடத்திலேயே நின்றுவிடும், நாம்தான் உருண்டு கீழே வருகிறோம், அதனால் எப்போதும் மேலே தேட வேண்டும். அதே மாதிரி விழுந்த பிறகு கையை ஊன்றி எழ முடியாது, கை தோள்வரை உள்ளே போகும். இரண்டு போலையும் பெருக்கல் குறி போலப் போட்டு அதன் மேல் கை வைத்து எழ வேண்டும். ஒரு வாரப் பயிற்சியோடு பவுடருக்குப் போகிறவர் ஒரு நாளில் பாதி நேரம் இந்த இரண்டு வேலையைத்தான் செய்வார். இதைச் சொல்லாமல் உங்களை அனுப்பினால் பாவம்.

இனி குல்மார்க். எனக்கு ரொம்பப் பிடித்த இடம், ஆனாலும் உங்களிடம் கண்டிப்பாகத்தான் பேச வேண்டியிருக்கிறது. குல்மார்க் ஊரே 2,650 மீட்டரில் இருக்கிறது, அதாவது தொட்டபெட்டா உச்சியில் ரூம் போட்டுத் தூங்குகிற மாதிரி. கொண்டோலா என்கிற ரோப் காரின் முதல் கட்டம் கொங்தூரி வரை, 3,000 மீட்டருக்குச் சற்று மேல். இரண்டாம் கட்டம் அஃபர்வத் மலைத்தோளில் 4,000 மீட்டருக்குக் கொஞ்சம் கீழே கொண்டுபோய் விடுகிறது. 300 மீட்டர் உயரத்துத் திருப்பூரிலிருந்து போகிற உடம்பு அங்கே முதல் நாள் ஷூ லேஸ் கட்டவே மூச்சு வாங்கும். இரண்டாம் கட்டத்திலிருந்து இறங்கும் சரிவுகள் திறந்த பெரும் சரிவுகள், மரமே கிடையாது, உலகத்தின் நல்ல ஸ்கீயர்கள் அதற்காகவே வருகிறார்கள். இந்தப் பக்கம் ஊருக்குள் ஆரம்பக்காரர்களுக்கான மேடுகள், சின்ன லிஃப்டுகள். நடுவில் என்ன இருக்கிறது என்றால், அவ்வளவாக ஒன்றும் இல்லை. ஆலியில் ஒரு வாரம் முடித்தவருக்குக் கீழே இரண்டு நாளில் அலுக்கும், மேலே உயிர் போகும். குல்மார்க்கின் சிக்கல் இதுதான், பயண விளம்பரத்தில் இதை யாரும் போடமாட்டார்கள்.

பனியும் அங்கே ஹொக்கைடோ மாதிரி தினசரிச் சம்பளம் கிடையாது, தீபாவளி போனஸ் மாதிரி மொத்தமாக வரும். மத்தியத் தரைக்கடல் பக்கத்திலிருந்து கிளம்பி வருகிற மேற்கத்திய இடையூறுகள் என்கிற புயல்கள்தான் காஷ்மீருக்குப் பனி கொடுப்பவை. வந்தால் இரண்டு மூன்று நாளில் ஒரு ஆள் உயரம் போட்டுவிடும். வராவிட்டால் வராது. 2024 ஜனவரி முதல் பாதியில் குல்மார்க் புல்தரையாகக் காய்ந்து கிடந்தது, 2025 பிப்ரவரியில் பனி போதாமல் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளையே மார்ச்சுக்குத் தள்ளிவைத்தார்கள். டிசம்பர் 21இல் தொடங்கும் நாற்பது நாளைச் சில்லய் கலான் என்பார்கள், கடுங்குளிர் அப்போதுதான், ஆனால் அடியில் பனி நன்றாகக் கட்டி ஸ்கீ ஓட்டத் தோதாக இருப்பது பெரும்பாலும் ஜனவரி கடைசி முதல் பிப்ரவரி முழுவதும். பொங்கலுக்குக் குல்மார்க் என்பது சூதாட்டம், பிப்ரவரி நடு என்றால் பரவாயில்லை.

புயல் வந்துவிட்டது என்று வையுங்கள். இரண்டாம் கட்டம் மூடிவிடும், பனிச்சரிவு ஆபத்தைப் பார்த்து, வெடி வைத்துத் தட்டி இறக்கி, பாதுகாப்பு என்று தோன்றிய பிறகுதான் திறப்பார்கள். அதுவரை காங்க்ரி என்கிற கணப்புச் சட்டியைக் கட்டிக்கொண்டு கஹ்வா என்கிற காஷ்மீர் டீயைக் குடித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். தங்மார்கிலிருந்து மேலே வருகிற 13 கிலோமீட்டர் ரோடும் அப்போது சங்கிலி மாட்டிய வண்டிக்கு மட்டும்தான். ஸ்ரீநகர் விமானம் ரத்தாவதும் சகஜம், ஒரு தடவை நான் மூன்று நாள் கழித்துத்தான் பீளமேடு வந்து சேர்ந்தேன், ஊரில் ஒரு சீர் தவறிப்போனது, இன்னும் பேச்சு வாங்குகிறேன். திரும்புவதற்குக் கையில் இரண்டு நாள் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் வெளிமாநிலப் பிரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேண்டும். 2025 ஏப்ரல் பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு வீட்டில் ஒப்புக்கொள்வார்களா என்பது உங்கள் வீட்டு விஷயம். போகிற சமயத்து அரசு அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள்.

ஆனாலும் நான் ஏன் நான்கு தடவை போனேன்? விலை ஒரு காரணம், ஜப்பானில் மூன்று நாளுக்கு ஆகிற பணத்தில் அங்கே பத்து நாள் தாராளமாக இருக்கலாம், தனியாக ஒரு பயிற்சியாளரையே அமர்த்திக்கொள்ளலாம். கொங்தூரியிலிருந்து தேவதாரு, ஃபிர் மரக்காடு வழியாகப் பாபா ரேஷி பக்கம் ஒரு நல்ல ஆளோடு இறங்கினால், மரத்தில் குரங்குகள் உட்கார்ந்து நம்மை வேடிக்கை பார்க்கும், வேறு ஒரு மனிதத் தடம் இருக்காது. அந்த அமைதி நிசெகோவில் காசு கொடுத்தாலும் கிடைக்காது.

சுவிட்சர்லாந்து பற்றி நீங்கள் கேட்டதால் ஆஸ்திரியாவையும் சேர்த்துச் சொல்கிறேன். ஆல்ப்ஸில் பவுடரை நம்பிப் பத்து நாளுக்கு முன்பே டிக்கெட் எடுத்துப் போவது தப்பு. நல்ல பனி விழும், ஆனால் ஒரு வாரம் முழுக்க நீலவானமாகவே இருந்துவிடுவதும் சாதாரணம். அந்தச் சமயத்தில் அங்கே செதுக்கிவிட்ட மாதிரிச் சமன்படுத்திய பாதைகள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் இருக்கின்றன, லிஃப்டும் ரயிலும் சாப்பாடும் கடிகாரம் மாதிரி, குடும்பத்தோடு போக ஆல்ப்ஸை அடிக்க ஆளில்லை. பவுடர்தான் குறி என்றால் மட்டும் அது இரண்டாவது. ஒரு விதிவிலக்கு: ஜனவரியில் ஃபிராங்க்ஃபர்ட் ஹைம்டெக்ஸ்டில் கண்காட்சிக்குப் போகிற கரூர்க்காரர்கள். ஷெங்கன் விசா கையில் இருக்கிறது, ஸ்டால் பிரித்த மறுநாள் வானிலை பார்த்து, ஆஸ்திரியாவின் ஆர்ல்பெர்க் பக்கம் பனி விழுகிறது என்றால் ரயில் ஏறிச் செயின்ட் ஆன்டனிலேயே இறங்கிவிடலாம், விழவில்லையென்றால் பேசாமல் ஊர் திரும்பலாம். பவுடருக்கு இப்படிக் கடைசி நேரத்தில் முடிவெடுக்கிறவன்தான் ஜெயிப்பான். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள், ஆல்ப்ஸில் குறியிட்ட பாதையை விட்டுப் பத்தடி தள்ளிப் போனாலே பொதுவாக அது உங்கள் பாடு. லிஃப்டிலிருந்து தெரிகிற இடம்தானே என்று நினைக்கக் கூடாது, பனிச்சரிவுக்கு எதிரான வேலை பாதைகளுக்காகத்தான் செய்கிறார்கள்.

அமெரிக்கா இதில் வேறு மாதிரி. அங்கே எல்லைக் கயிற்றுக்குள் இருக்கிற சமன்படுத்தாத சரிவுகளையும் ரோந்துக்காரர்கள் வெடி வைத்துச் சோதித்துத்தான் திறக்கிறார்கள், ஆகவே பவுடர் பழக அது பாதுகாப்பான பள்ளிக்கூடம். சால்ட் லேக் சிட்டி விமான நிலையத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் ஆல்டா, ஸ்னோபேர்டு என்று இரண்டு ஸ்கீ மலைகள். ஆல்டாவில் சீசனுக்கு ஏறத்தாழ 13 மீட்டர், லேசான உலர்ந்த பனி, ஸ்னோபோர்டுக்கு அனுமதி இல்லை, ஸ்கீ மட்டும். புயல் பலத்தால் பள்ளத்தாக்கு ரோட்டையே மூடிவிட்டு, யாரும் கட்டடத்தை விட்டு வெளியே வரக் கூடாது என்று உத்தரவு போட்டுவிடுவார்கள், இண்டர்லாட்ஜ் என்று பேர், மீறினால் குற்றம். திறக்கும்போது உள்ளே மாட்டிக்கொண்டவர்களுக்கு மட்டும் மலை முழுக்கச் சொந்தம்! பிப்ரவரியில் லாஸ் வேகாஸ் மேஜிக் கண்காட்சிக்குப் போகிற எக்ஸ்போர்ட்டராக இருந்து விசாவும் இருந்தால் கூட நாலு நாள் போட்டுப் பாருங்கள். இதற்கென்றே விசாவுக்கு நிற்க வேண்டாம்.

அல்மாட்டிக்கு நான் போனதில்லை, போன ஈரோட்டு நண்பர் திருப்தியாக வந்தார். கஜகஸ்தானில் இந்தியர்களுக்கு 14 நாள் விசா வேண்டாம், டெல்லியிலிருந்து நேர் விமானம் உண்டு, ஷிம்புலாக் என்கிற ஸ்கீ இடம் 3,200 மீட்டர் வரை போகிறது, நகரத்துக்கு மேலேயே இருக்கிறது. பனி குளிர்ந்து உலர்ந்திருக்கும், அளவில் மட்டும் ஜப்பான் பக்கத்தில் வராது. பழகப் போதும்.

பாதுகாப்பை வேகமாகச் சொல்கிறேன், ஆனால் மெதுவாகப் படியுங்கள். பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரிச் சரிவில் கிளம்பும், அதே சரிவுதான் ஸ்கீ ஓட்ட ருசியானது. புதுப்பனி கனமாக விழுந்த மறுநாள்தான் ஆபத்து அதிகம், அதே நாள்தான் எல்லோருக்கும் கை அரிக்கும். குல்மார்க்கில் 2023 பிப்ரவரியில் போலந்துக்காரர் இருவரும், 2024 பிப்ரவரியில் ரஷ்யர் ஒருவரும் இப்படித்தான் இறந்துபோனார்கள், கண்காணிப்புள்ள எல்லைக்கு வெளியே. புதைந்தவரை முதல் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் எடுத்தால்தான் பிழைப்பார், அதற்குள் ஊரிலிருந்து யாரும் வரமாட்டார்கள், பக்கத்தில் நிற்கிற நண்பர்தான் தோண்ட வேண்டும். டிரான்ஸ்சீவர் (புதைந்தவரின் இடத்தைக் காட்டும் ரேடியோக் கருவி), குத்திப் பார்க்கும் கம்பி, மண்வெட்டி மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும், அதைவிட முக்கியமாகப் பயன்படுத்தத் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் மூன்று பேருக்கும் இப்போது தெரியாது, ஆகவே எந்த ஊரானாலும் கயிறு தாண்டாதீர்கள், அவ்வளவுதான். மரக்காட்டில் இன்னொரு பொறி, மரத்தின் அடியைச் சுற்றிப் பனி இளகிக் கிணறு மாதிரிக் குழி இருக்கும், தலைகீழாக விழுந்தால் தனியாக வெளியே வர முடியாது. கண்ணில் படும் தூரத்தில் இரண்டு பேராகவே போங்கள். இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது ஸ்கீயிங் அடக்கமா என்று பாலிசியைப் படித்துப் பாருங்கள், பல சாதாரணப் பயணப் பாலிசியில் அது கிடையாது.

திருப்பூர்க்காரரிடம் இதைச் சொல்ல வாய் வரவில்லை, ஆனால் உள்ளே காட்டன் பனியன் போடாதீர்கள். வேர்வையைக் குடித்துக்கொண்டு காயாது, லிஃப்டில் உட்கார்ந்த அடுத்த நிமிடம் முதுகில் ஐஸ் கட்டி வைத்த மாதிரி இருக்கும். முதல் வருஷம் நான் பெருமையாக நம்ம ஊர்ப் பனியன் இரண்டு போட்டுப் போய் மதியத்துக்குள் நடுங்கிக்கொண்டு ரூமுக்கு ஓடினேன். மெரினோ கம்பளி, இல்லையென்றால் பாலியஸ்டர். உங்கள் யூனிட்டிலேயே ஸ்போர்ட்ஸ் துணி ஓட்டுகிறீர்கள் என்றால் சாம்பிளை மாட்டிக்கொண்டு போங்கள், டெஸ்டிங்கும் ஆச்சு. ஸ்கீயை அங்கே வாடகைக்கு எடுங்கள், பவுடருக்கு ஸ்கீயின் இடுப்பு, அதாவது நடுப்பகுதி, 100 மில்லிமீட்டருக்கு மேல் அகலம் உள்ளதாகக் கேளுங்கள், ஆலியில் கொடுத்த ஒல்லிக்குச்சி மூழ்கும். கண்ணாடி மங்கல் வெளிச்சத்துக்கான லென்ஸ் உள்ளதாக இருக்கட்டும்.

சரி, எங்கே போவது? என் பதில் இது. இந்தப் பொங்கலை விட்டுவிடுங்கள். பிப்ரவரி நடுவில் ஏழெட்டு நாள் குல்மார்க், மூன்று பேருக்குமாக ஒரு பயிற்சியாளர், முதல் ஐந்து நாள் கீழே, உடம்பு பழகிய பிறகு அவர் சரியென்றால் கொங்தூரி, இரண்டாம் கட்டத்துக்குச் சும்மா சுற்றுலாவாகப் போய்ப் பார்த்துவிட்டு கொண்டோலாவிலேயே இறங்கி வாருங்கள், வெட்கமில்லை. நடுவில் ஒன்றும் இல்லை என்று மேலே குறை சொன்னேன், ஆனால் அடிப்படையைச் சரி செய்யப் போகிறவருக்கு அந்த நடு தேவைப்படாது. இரண்டு ஸ்கீயையும் இணையாக வைத்து, நினைத்த இடத்தில் திரும்பி, நினைத்த இடத்தில் நிற்க வந்துவிட்டது என்றால் அடுத்த பொங்கலுக்கு ஹொக்கைடோ. கோவையிலிருந்து சிங்கப்பூர் போய் அங்கிருந்து மாறலாம். நிசெகோவில் மூன்று நாள், ருசுட்சுவில் நாலு நாள், முதல் இரண்டு காலை பவுடருக்கென்றே பாடம் எடுத்துக்கொள்ளுங்கள். பணம் பிரச்சினையில்லை, இந்த வருஷமே ஜப்பான்தான் என்று அடம் பிடித்தால் போங்கள், அங்கே பழகவும் நல்ல பாதைகள் உண்டு, ஆனால் வீடியோவில் பார்த்தது முதல் வாரத்தில் நடக்காது என்று இப்போதே மூன்றாவது நண்பரிடம் சொல்லிவிடுங்கள். அவர்தான் உங்கள் பயணத்தின் வேகம், ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது அவரை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

சாப்பாடு கேட்டிருந்தீர்கள். சைவமாக இருப்பவர் யாராவது இருந்தால் ஜப்பானில் சிரமம்தான், காய்கறிச் சூப் என்று தருவதிலும் மீன் சாறு கலந்திருக்கும். ஹோட்டலை விட்டுச் சமையலறை உள்ள அபார்ட்மெண்ட் எடுங்கள். அங்கே ரைஸ் குக்கர் கட்டாயம் இருக்கும், அதில் நம் அரிசியும் பருப்பும் போட்டு, சின்ன வெங்காயம் கிடைக்காது என்பதால் பெரிய வெங்காயத்தை நறுக்கி, ஊரிலிருந்து கொண்டுபோன மிளகாயும் சீரகமும் தாளித்துக் கொட்டி மூடிவிட்டால், நீங்கள் ஈர பூட்ஸைக் கழற்றிக் காயவைத்து முடிப்பதற்குள் அரிசிம்பருப்பு ரெடி. நெய் மட்டும் பெட்டியில் வைக்கும்போது மூடியை டேப் சுற்றி வையுங்கள், எனக்கு ஒரு தடவை கையுறை பூராவும் நெய்யாகிவிட்டது.